உண்மை விரும்பியின் மூன்று மனுக்கள்

கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, சீல் கட்டையை ஊதி ஊதி அழுத்திக் குத்திய பிறகுதான் சூப்பிரண்டு அந்த மனுவின் கடைசி வரிகளைப் படித்தார். படித்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

மனு இதுதான்:

“ஐயா, விதி என்றால் விதி. வெளிநாட்டில் குடியேறும் ஓய்வூதியர்கள் மாதம் ஒரு முறை நேரில் வந்து, தாம் உயிரோடு இருப்பதாகப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்று உங்கள் பதினான்காம் விதி சொல்கிறது. நீங்களோ தூதரகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தாலே போதும் என்று விட்டுவிடுகிறீர்கள். இனி ஒருவருக்கும் இந்த விலக்கைத் தரக் கூடாது. குறிப்பாக, இன்னும் நாற்பது நாளில் ஓய்வு பெற்று வெளிநாட்டில் போய் உட்காரத் திட்டம் போட்டிருக்கும் உங்கள் சூப்பிரண்டுக்குத் தரவே கூடாது. இப்படிக்கு, உண்மை விரும்பி.”

அதற்குக் கீழே, பச்சை மையில், அவருடைய சொந்தக் கையெழுத்து: ‘மனு நியாயமானது. ஏற்கலாம்.’

ஓய்வூதிய அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவர் அவர். ‘விதி என்றால் விதி’ என்று யாராவது மனுவை ஆரம்பித்துவிட்டால் போதும், அவருக்கு உள்ளம் குளிர்ந்துவிடும். மீதியைப் படிக்க மாட்டார். பேனா தானாக ஓடிவிடும்.

அந்தப் பதினான்காம் விதியை எழுதியவரும் சாட்சாத் அவரேதான். பென்ஷன்காரர்கள் போனில் கேட்டாலும், கடிதத்தில் கேட்டாலும், வாசலில் நின்று எட்டிப் பார்த்துக் கேட்டாலும் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: “நேர்ல வாங்க.” வாசலில் நிற்பவரைப் பார்த்தே “நேர்ல வாங்க” என்று சொன்ன மனுஷன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து நின்றால்தான் அவர் கணக்கில் அது நேர். அதனால் அலுவலகம் முழுக்க அவருக்கு ‘நேர்ல வாங்க’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

“சார், கிழிச்சுப் போட்டுடலாம் சார்,” என்றாள் அசிஸ்டென்ட் அம்மாள், மெல்லிய குரலில். “நீங்களும் பார்க்கல, நானும் பார்க்கல.”

“சீல் குத்தியாச்சும்மா.”

“சீல் மேல டீயைக் கொட்டிடறேன். கை தவறிப் போச்சுன்னு சொல்லிக்கலாம்.”

“கை தவறினா அதுக்கு ஒரு படிவம் இருக்கு. அதுல ரெண்டு சாட்சி கையெழுத்துப் போடணும்.”

அசிஸ்டென்ட் அம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். அவர் போய்ச் சேரட்டும் என்று அவளைவிட அதிகமாக வேண்டிக்கொண்டவர் உலகத்தில் இருக்க முடியாது. ஆறு வருஷமாக அவருடைய நாற்காலியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். அவர் ஓய்வு பெற்றால் மட்டும் போதாது, கடல் தாண்டியும் போக வேண்டும் என்பது அவள் பிரார்த்தனை. இல்லாவிட்டால் தினமும் காலையில் ‘சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்’ என்று வந்து பதிவேடுகளைப் புரட்டுவார் என்று அவளுக்குத் தெரியும்.

மனு டைரக்டரிடம் போனது. டைரக்டர், பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிறவர். போட்டுவிட்டார். அன்றோடு தூதரகக் கடிதச் சலுகை காலி.

அன்று சாயங்காலம் வீட்டில், கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன்னால் சூப்பிரண்டு அசையாமல் நின்றார்.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய காலண்டர் படம் அது. ஒரு ஏரி, பின்னால் வெள்ளை மலை, கரையில் ஒரு பெஞ்சு. ஜன்னலே இல்லாத பதிவேட்டு அறையில் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் அதைப் பார்த்தார். அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். ஓய்வுக்கு அப்புறம் அங்கேதான். எந்த நாடு, எந்த ஏரி என்று கண்டுபிடிக்கவே ஒரு வருஷம் ஆனது. அப்புறம் அந்த ஊர் பாஷைக்கு ஒலிநாடா வாங்கினார். வாடகைக்கு வீடு பார்த்தார். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் மனம் அந்த ஏரியை விட்டு நகரவில்லை. பிடித்த பிடியை விடுகிற ஆளா அவர்?

“ஏங்க, முகம் ஏன் இப்படி இருக்கு?” என்று கேட்டபடி மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள்.

“எவனோ ஒருத்தன் மொட்டைப் பெட்டிஷன் போட்டுட்டான். மாசா மாசம் நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம்.”

“அட கடவுளே! அந்த விதியை நீங்கதானே எழுதினீங்க?”

“நல்ல விதிதான். யாரு இல்லேன்னா? அதை என் மேலயே ஏவி விட்டிருக்கானே, அதான்!”

“அப்போ போக முடியாதா?” மனைவியின் குரலில் ஒரு பதற்றம் இருந்தது. அவள் கையில் நீலப் பெட்டியின் சாவி இருந்தது. ஒரு மாதமாகவே அவள் மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தாள். நீலப் பெட்டி ஒன்று, பழுப்புப் பெட்டி ஒன்று.

“யாரு சொன்னா? போயே தீருவோம். என்னைத் தடுக்க ஒருத்தன் பிறந்து வரணும்.”

“அடுத்து என்னங்க செய்யப் போறீங்க?”

அவள் இப்படித்தான், தினமும் அக்கறையாகக் கேட்பாள். அவரும் வரி விடாமல் சொல்வார். வீட்டில் எல்லாவற்றுக்கும் பதிவேடு வைத்திருக்கிற மனுஷன், மனைவியிடம் மட்டும் எதையும் மறைத்ததில்லை. குடையை எடுத்தால் ஒரு பதிவேட்டில் கையெழுத்து, எடுத்த தேதி, திருப்பி வைக்கும் தேதி. தலைவலி என்று சொன்னால், “எத்தனை மணியிலேர்ந்து?” என்று கேட்டு அதையும் குறித்துவைப்பார். அந்த ஏரிக்கரை ஊருக்கும் அவளுக்காக ஒரு கால அட்டவணை போட்டு வைத்திருந்தார். ஆறு மணிக்கு நடை. ஏழு மணிக்கு அவருக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுதல். எட்டு மணிக்குச் சமையல். நாலு மணியிலிருந்து நாலரை வரை, பெஞ்சில் அமர்ந்து ஏரியைப் பார்த்தல். அதிலும் அவர் ஏரியின் வரலாறு சொல்ல, அவள் கேட்பதாக ஏற்பாடு.

அதை முதன்முதலில் பார்த்தபோது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“ஏங்க, அந்தப் பெஞ்சு சின்னதா இருக்கே. ஒருத்தர்தான் உக்காரலாம் போலருக்கே?”

“நெருக்கிக்கிட்டா ரெண்டு பேர் உக்காரலாம்,” என்றார் அவர். விஷயம் அதோடு முடிந்தது.

மறுநாள் காலை சூப்பிரண்டு நேரே படிக்கட்டுக்கு அடியில் போய் நின்றார்.

அலுவலகப் படிக்கட்டின் அடியில் ஒரு மேசை, ஒரு பழைய டைப்ரைட்டர், அதன் பின்னால் ஒரு பருத்த மூக்குக் கண்ணாடி. மனு எழுதிக் கொடுக்கும் டைப்ரைட்டர்காரர் அவர். சூப்பிரண்டே சொந்தமாக மனு எழுதிக்கொள்ளலாமே என்று தோன்றும். முடியாது. அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் சொந்த விஷயமாக மனுக் கொடுத்தால், அதை வெளியில் அனுமதி பெற்றவர்தான் எழுத வேண்டும் என்று ஒரு விதி. அந்த விதியை எழுதியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

“முதல்ல ஒரு விஷயம்,” என்றார் சூப்பிரண்டு, மொட்டை மனுவை மேசையில் போட்டு. “இது உம்ம மெஷின்ல அடிச்சது. ‘க’வுக்குக் கால் உடைஞ்சிருக்கு பாரும். யாருய்யா அந்த உண்மை விரும்பி?”

டைப்ரைட்டர்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சொல்லக் கூடாது ஐயா.”

“ஏன் சொல்லக் கூடாது?”

“நீங்க போட்ட சுற்றறிக்கைதான்.” மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து, விரலை வைத்துப் படித்தார். “‘பெயர் கூற விரும்பாத மனுதாரரின் அடையாளத்தை, அவர் இந்த நாட்டில் வசிக்கும் காலம் வரை, எவரும் எவருக்கும் வெளியிடலாகாது.’ கீழே உங்க கையெழுத்து.”

சூப்பிரண்டு அந்தத் தாளை வாங்கிப் படித்தார். எதற்கும் ஒரு முடிவு இருக்க வேண்டும் என்பதற்காக ‘இந்த நாட்டில் வசிக்கும் காலம் வரை’ என்று தாமே யோசித்துச் சேர்த்தது நினைவுக்கு வந்தது. அழகான வாசகம். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“சரி, விடும். இப்ப எனக்கு எழுதும். வெளிநாட்டில் இருப்பவர் வீடியோவில் முகத்தைக் காட்டினால், அதை நேரில் வந்ததாகவே கருத வேண்டும். எழுதும்.”

டைப்ரைட்டர் படபடவென்று ஓடியது. கோப்பு அன்றைக்கே மேலே போனது. அசிஸ்டென்ட் அம்மாள் அதைக் கையிலேயே தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழுக்குமாக ஓடினாள். சாதாரணமாக மூன்று மாதம் தூங்குகிற கோப்பு, மூன்று மணி நேரத்தில் கையெழுத்தோடு திரும்பியது.

“முடிஞ்சுது சார்!” என்றாள் மூச்சு வாங்க. “நீங்க நிம்மதியாப் பெட்டி கட்டுங்க. அந்த ஊர்ல வீடியோ நல்லாத் தெரியுமாம், நான் விசாரிச்சுட்டேன்.”

சூப்பிரண்டுக்கு வாயெல்லாம் பல். ஒரு மணிக்கு மனைவி சாப்பாட்டு டப்பாவோடு வந்தபோது, வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவள் டப்பாவைக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல படிக்கட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது. அதனால் அவர் சாப்பிட்டு முடித்து டப்பா திரும்பி வரும் அரை மணி நேரமும் அவள் அங்கேதான் காத்திருப்பாள். எத்தனையோ வருஷமாக அப்படித்தான். அந்த விதியும் அவருடையதுதான்.

நாலாவது நாள் இரண்டாவது மனு வந்தது. இந்தத் தடவை சூப்பிரண்டு உஷாராக இருந்தார். முழுசும் படித்த பிறகுதான் பேனாவைத் தொடுவது என்று சபதம் எடுத்திருந்தார்.

“ஐயா, விதி என்றால் விதி. பல வருஷங்களுக்கு முன்பு, நடக்க முடியாத ஒரு பெரியவரை ஆம்புலன்சில் படுக்க வைத்து உங்கள் அலுவலக ஜன்னலோரம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர் கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினார். ‘கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நேரில் வந்தவர் ஆக மாட்டார்’ என்று உங்கள் சூப்பிரண்டு தீர்ப்புச் சொல்லி, அவரை ஸ்ட்ரெச்சரோடு உள்ளே தூக்கி வரச் செய்தார். ஜன்னல் கண்ணாடியே நேரில் இல்லை என்றால், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கும் வீடியோக் கண்ணாடி எப்படி நேரில் ஆகும்? இப்படிக்கு, உண்மை விரும்பி.”

சூப்பிரண்டு இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை படித்தார். எங்கேயாவது ஓட்டை கிடைக்குமா என்று பார்த்தார். கிடைக்கவில்லை. சத்தியமான வார்த்தை. அந்த ஜன்னல் தீர்ப்பு அவருடைய தொழில் வாழ்க்கையின் சிகரம். அதை அவரே எப்படிப் பொய்யாக்குவார்?

“சார், எழுதாதீங்க சார்,” என்று கெஞ்சினாள் அசிஸ்டென்ட் அம்மாள். “உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

“மனசாட்சின்னு ஒண்ணு இருக்கேம்மா,” என்றார் சூப்பிரண்டு. கண் கலங்க எழுதினார்: ‘மனு நியாயமானது. ஏற்கலாம்.’

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தாள், அந்த ஊர் பாஷையில். பத்து வருஷம் ஒலிநாடா கேட்டும் அவருக்கு ‘வணக்கம்’ தாண்டி நாக்கு புரளவில்லை. பக்கத்தில் துணி மடித்துக்கொண்டே கேட்டவளோ தண்ணீர்பட்ட பாடாகப் பேசினாள். போனின் அந்தப் பக்கம், ஏரிக்கரை வாடகை வீட்டின் சொந்தக்காரம்மா. இருவரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன சொல்றா?”

“வீட்டுக்கு வெள்ளை அடிச்சாச்சாம்.”

“வெள்ளை அடிச்சதுக்கா இவ்வளவு சிரிப்பு?”

“அந்த ஊர்க்காரங்க அப்படித்தாங்க, எதுக்கெடுத்தாலும் சிரிப்பாங்க.”

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மனுவைப் பற்றிச் சொன்னார். “அந்த ஜன்னல் கேஸ் அவனுக்கு எப்படித் தெரியும்னுதான் எனக்குப் புரியல. அப்ப இருந்தவங்க யாருமே இப்ப ஆபீஸ்ல இல்ல.”

“சாப்பிடறப்பல்லாம் பெருமையாச் சொல்வீங்களே, அதுவா?”

“அதேதான்.”

“உங்க பெருமை நாலு பேருக்குத் தெரியாமலா இருக்கும்?” என்றாள் மனைவி. கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது.

“கேட்டுக்கோ,” என்று அவர் எழுந்து நின்றார். “மாசா மாசம் நேர்ல வரணும், அவ்வளவுதானே? வரேன். போக ரெண்டு நாள், வர ரெண்டு நாள். இருபத்தஞ்சு நாள் ஏரி, அப்புறம் கையெழுத்து, மறுபடியும் ஏரி. பிளேன்லயே குடித்தனம் பண்ணினாலும் சரி, நான் அந்தப் பெஞ்சுல உக்காராம விட மாட்டேன்!”

மனைவி அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். அவள் நிஜமாகவே கலங்கிப்போயிருந்தாள்.

“அவ்வளவு தூரம் மாசா மாசமாங்க? உடம்பு தாங்குமா?”

“தாங்கும்!”

ஆனால் விசாக்காரர்கள் தாங்கவில்லை. முதன்மை விண்ணப்பதாரர் வருஷத்தில் பத்து மாதம் சேர்ந்தாற்போல் அங்கேயே இருக்க வேண்டும், மாதா மாதம் ஓடிப்போகிறவரை எடுத்துக்கொள்ள முடியாது என்று கடிதம் வந்துவிட்டது. சூப்பிரண்டு அசந்துவிடவில்லை. அவர்களுடைய விதிப் புத்தகத்தை வரவழைத்தார். ராத்திரி பகலாகப் படிக்க வேண்டியிருக்கவில்லை. விதிப் புத்தகம் என்றால் அவர் கதைப் புத்தகம் மாதிரி படிப்பார். இருபத்தாறாம் பக்கத்தில் வழி கிடைத்தது. வீடு யார் பெயரில் வாடகைக்கு எடுக்கப்பட்டிருக்கிறதோ அவர்தான் முதன்மை விண்ணப்பதாரர். அவரோடு வருகிற துணைக்கு எத்தனை நாள் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடே கிடையாது.

“வீட்டை உன் பேருக்கு மாத்திடறேன். நீதான் முதல் ஆள். நான் உன்னோட துணை!”

“என் பேர்லயா?” மனைவி பின்வாங்கினாள். “எனக்கு என்னங்க தெரியும்? கையெழுத்தெல்லாம் போடணுமே.”

“முப்பது வருஷமா குடைக்குக் கையெழுத்துப் போடறே. இதுக்குப் போட மாட்டியா?”

நாலு இடத்தில் போட்டாள். கை நடுங்கவே இல்லை. பத்தே நாளில் அவள் விசா வந்துவிட்டது. துணையின் விசா பின்னால் வரும் என்று அதில் எழுதியிருந்தது.

ஓய்வுக்கு இன்னும் ஒன்பது நாள். அலுவலகத்தில் பிரிவு உபசாரத்துக்குப் பூமாலை சொல்லியாயிற்று. அசிஸ்டென்ட் அம்மாள் அந்த நாற்காலிக்கு ஒரு புதுக் குஷனே வாங்கி, மேசைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். அன்றைய தபாலில் மூன்றாவது மனு வந்தது.

“பிரிக்காதீங்க, என்கிட்ட குடுங்க சார், நான் தின்னுடறேன்,” என்று அவள் பாய்ந்தாள். அதற்குள் சூப்பிரண்டு உறையைப் பிரித்துவிட்டார்.

“ஐயா, விதி என்றால் விதி. உங்கள் சூப்பிரண்டை எதிர்த்து இரண்டு முறை எழுதியவன் நான். இரண்டு முறையும், தன் சொந்த நஷ்டத்தையும் பார்க்காமல், என் மனுவை நியாயமானது என்று அவர் தன் கையாலேயே எழுதினார். இப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. என் கண் திறந்துவிட்டது. இவர் ஓய்வு பெற்றுப் போனால் இந்த அலுவலகத்தில் விதியைக் காப்பாற்ற நாதி இருக்காது. ஆகவே பொதுநலன் கருதி இவருக்கு இரண்டு வருஷம் பணி நீட்டிப்புத் தர வேண்டும் என்று கண்ணீரோடு கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, உண்மை விரும்பி.”



சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைத் துடைத்தார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவரைப் பாராட்டி ஒரே ஒரு மனு வந்ததில்லை. திட்டி வந்தது உண்டு, சாபம் கொடுத்து வந்தது உண்டு, ஒரு தடவை மனுவோடு செருப்பே வந்தது உண்டு. இப்போது எதிரியே மனம் திருந்திக் கண்ணீரோடு எழுதியிருக்கிறான்.

“சார்,” என்றாள் அசிஸ்டென்ட் அம்மாள், கிட்டத்தட்ட அழுதுகொண்டே. “ஏரி சார். வெள்ளை மலை சார். பதினோரு வருஷம் சார்!”

“ஏரி எங்கம்மா போகப் போகுது?” என்றார் அவர், தழுதழுத்த குரலில். “ரெண்டே வருஷம். பொதுமக்கள் கேக்கறாங்க.”

“பொதுமக்கள் இல்ல சார், ஒரே ஒரு ஆளு சார்!”

“ஒரு ஆளா இருந்தாலும் உண்மை விரும்பி.”

தம் பணி நீட்டிப்புக்குத் தாமே கருத்து எழுதுவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் மனுக்களுக்குக் கருத்து எழுத வேண்டியவர் சூப்பிரண்டு என்று விதி. எழுதினார்: ‘மனு மிகவும் நியாயமானது. ஏற்கலாம்.’ ‘மிகவும்’ என்பது அவருடைய பணிக்காலத்தில் முதல் முறை. அசிஸ்டென்ட் அம்மாள் குஷனை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டாள்.

வீட்டில் விஷயத்தைச் சொல்லும்போதுதான் அவருக்குக் கொஞ்சம் உதைத்தது.

“அப்போ டிக்கெட்டு?” என்றாள் மனைவி. “செவ்வாய்க்கிழமைக்கு எடுத்தாச்சே.”

“என்னோடதை ரத்து பண்ணிடலாம். உன் விசாவுக்குக் கெடு இருக்கு. இந்த மாசத்துக்குள்ள போகலேன்னா செல்லாது. வீடும் போயிடும்.” அவர் அறையைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தார். திடீரென்று நின்றார். “நீ முன்னாடி போ!”

“நான் தனியாவா?”

“போய் வீட்டைப் பிடிச்சு வெச்சுக்கோ. ரெண்டு வருஷம் கண் மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும். நான் வந்துடறேன்.”

“ஐயோ, நீங்க இல்லாம நான் எப்படிங்க?” அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பாவம், எவ்வளவு பாசம் என்று அவருக்கு மனசு நெகிழ்ந்துபோனது.

“அழாதே. திட்டம்னா திட்டம். நாம பின்வாங்கப் போறதில்ல.”

“நீங்க சொன்னா சரிங்க,” என்றாள் அவள், முந்தானைக்குள்ளிருந்தே.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் டாக்சி வந்து நின்றது. நீலப் பெட்டியும் பழுப்புப் பெட்டியும் ஏறின. அவர் கால அட்டவணையைக் கொடுத்தார், கைப்பையில் வைத்துக்கொண்டாள். அந்த ஊரில் மழை அதிகம் என்று குடையையும் எடுத்தாள். எடுத்தவள் அந்த அவசரத்திலும் பதிவேட்டைத் திறந்து கையெழுத்துப் போட்டது அவருக்குப் பிடித்திருந்தது. டாக்சி போன பிறகுதான் பார்த்தார். ‘திருப்பி வைக்கும் தேதி’ என்ற கட்டம் காலியாக இருந்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவை. துக்கத்தில் மறந்துவிட்டாள் என்று அவரே ஒரு பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைத்தார்.

அப்புறம் வீடு வீடாக இல்லை. ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பா வரவில்லை. தலைவலி வந்தது, எத்தனை மணியிலிருந்து என்று கேட்க ஆளில்லை. அவரே குறித்துக்கொண்டார். பாராட்டு மனுவைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். இரண்டு நாள் அதைப் பார்த்தால் தெம்பாக இருந்தது, மூன்றாவது நாள் வெறும் தாளாகத் தெரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை போனில் ஒரு படம் வந்தது. ஏரி. வெள்ளை மலை. அந்தப் பெஞ்சு. பெஞ்சின் நட்டநடுவில் மனைவி, ஒரு பக்கம் கைப்பை, மறுபக்கம் குடை. மடியில் எதையோ மடித்துச் செய்த காகிதக் கப்பல் ஒன்று. அந்தக் காகிதத்தில் கட்டம் கட்டமாகக் கோடுகள் தெரிந்தன. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

என்னைக் காணாத ஏக்கத்தை மறைக்க என்னமாய்ச் சிரிக்கிறாள் என்று அவர் உருகிப்போனார். அந்த இடத்திலேயே தீர்மானம் பண்ணினார். பொதுநலனாவது மண்ணாவது. நீட்டிப்பு வேண்டாம். உத்தியோகம் வேண்டாம். நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாவது அந்தப் பெஞ்சில் அவள் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

விடுவிடுவென்று படிக்கட்டுக்கு அடியில் போய் நின்றார்.

“எழுதும்! பணி நீட்டிப்பை உடனே ரத்து செய்ய வேண்டும். சூப்பிரண்டு இன்றே ஓய்வு பெறுகிறார்!”

டைப்ரைட்டர்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். தாளைச் செருகினார். பொறுமையாக அடித்து முடித்து, உருவி எடுத்துக் கொடுத்தார்.

“எழுதிட்டேன் ஐயா. ஆனா இது நிக்கும்னு எனக்குத் தோணல.”

“ஏன்? மறுபடியும் அந்த உண்மை விரும்பி வந்துடுவானா? வரட்டும், ஒரு கை பார்த்துடறேன்! ஒரே ஒரு தடவை அவன் யாருன்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சா போதும், நானே போய் நேர்ல பேசிக்கறேன்.”

டைப்ரைட்டர்காரர் இழுப்பறையைத் திறந்து, பழைய சுற்றறிக்கையை எடுத்து, ‘இந்த நாட்டில் வசிக்கும் காலம் வரை’ என்ற வரியில் விரலை வைத்து ஒரு தடவை படித்துப் பார்த்துக்கொண்டார். பிறகு அதன் அடியிலிருந்து, உறையிலிட்டு ஒட்டித் தயாராக இருந்த இன்னொரு மனுவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இனிமே சொல்லலாம் ஐயா: மனுதாரர் போன செவ்வாய்க்கிழமைதான் நீலப் பெட்டியோட நாட்டை விட்டுப் போனாங்க, நீங்க இப்ப எழுதச் சொன்னதுக்கு எதிர்மனுவை முன்கூட்டியே எழுதி வாங்கி என்கிட்டயே வெச்சுட்டு.”